மாத்திரைமேல் வந்த பொறாமை

கரமனை ஆற்றோரக் காலனியிலிருந்து பால் கடைக்குப் போக நேர்வழி ஒன்று உண்டு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் மட்டும் வன்னியராஜ் அந்த வழியில் போவதில்லை. இரண்டு மூன்று சந்து சுற்றி, பிரதர் செல்வினின் ஜெபவீட்டு வாசல் வழியாகத்தான் போவார். வெளியே கிடக்கும் செருப்புகளை எண்ணுவதற்காக என்று யாரும் தப்பாக நினைத்துவிடக் கூடாது. அவர் எண்ணுவதில்லை. சும்மா பார்ப்பார். பார்த்தால் கணக்கு தானாக மனசில் வந்து உட்கார்ந்துகொள்ளும். அதற்கு அவர் என்ன செய்ய முடியும்?

அன்றைக்கு வாசல் கொள்ளாமல் செருப்புகள் ஓடைக்கரை வரைக்கும் வழிந்து கிடந்தன. பச்சை வார் வைத்த ஒரு ஜோடியை அவருக்கு நன்றாகத் தெரியும். தம்பானூர் ஹோட்டலில் பொறோட்டா மாஸ்டராக இருக்கும் பேச்சிமுத்துவின் செருப்பு. போன மாசம் வரைக்கும் அது வன்னியராஜ் வீட்டு வாசலில் கிடந்த செருப்பு.

"நல்லாயிருலே" என்று செருப்பைப் பார்த்துச் சொன்னார். ஆசீர்வாதமாகச் சொன்னாரா சாபமாகச் சொன்னாரா என்பது அவருக்கே தெளிவாக இல்லை.

வன்னியராஜ் தென்காசிப் பக்கத்துக்காரர். டைல்ஸ் வேலைக்காகத் திருவனந்தபுரம் வந்தவர், இங்கேயே தலை நரைத்துவிட்டது. பகலெல்லாம் பணக்காரர்களின் குளியலறைத் தரையில் மண்டியிட்டிருப்பார். சாயங்காலம் காலனியில் நோயாளிகளின் பக்கத்தில் மண்டியிடுவார். யாருக்குக் காய்ச்சல், யாருக்கு மூட்டுவலி, எந்தப் பிள்ளை பால் குடிக்காமல் அழுகிறது என்றாலும் "ஜெப அண்ணாச்சியைக் கூப்பிடு" என்பார்கள். போவார். சிமென்ட் காய்த்த கையைத் தலையில் வைத்து, கண்ணீர் விட்டு ஜெபிப்பார். கண்ணீர் நிஜமானது. காசு வாங்க மாட்டார். பால் விடாத கட்டஞ்சாயா கொடுத்தால் குடிப்பார். சர்க்கரை வியாதி என்பதால் சீனி போடாமல்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த ஊழியத்தில் விழிஞ்ஞத்திலிருந்து செல்வின் வந்து சேர்ந்தான். சின்ன வயசு. இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை. கீபோர்டு. பாட்டின் வரிகள் சுவரில் வெளிச்சமாக ஓடும். எல்லாவற்றுக்கும் மேலே, வாரம் தவறாமல் சாட்சி: சுகமான ஒருவர் மைக்கைப் பிடித்து, தனக்கு என்ன நோய் இருந்தது, எப்படிப் போனது என்று சொல்ல வேண்டும். வன்னியராஜிடம் சுகமானவர்கள் மறுநாள் காலையில் வேலைக்குப் போய்விடுவார்கள். செல்வினிடம் சுகமானவர்கள் மைக்குக்குப் போவார்கள். வித்தியாசம் அவ்வளவுதான். ஆனால் அந்த வித்தியாசத்தில்தான் செருப்புகள் இடம் மாறின.

பாலோடு வீட்டுக்கு வந்தவரை மனைவி சுஜா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். அவள் பாறசாலைக்காரி. பேச்சு பாதி தமிழ், பாதி மலையாளம்; குத்து மட்டும் முழுசாக இருக்கும்.

"பாலு வாங்கப் போயி எத்தற நேரம்? பசுவைப் பிடிச்சுக் கறந்துட்டு வந்தீங்களோ?"

"வழில ஒரு ஆளைப் பாத்தேன்."

"ஆளையா, செருப்பையா?"

வன்னியராஜ் பால் பாக்கெட்டை நீட்டினார். "அவன்ட்ட கீபோர்டு இருக்கு, சுஜா."

"நிங்ககிட்ட தொண்டை இருக்குல்லே? அதையே இந்தக் காலனி தாங்கல."

அவர் சிரிக்கவில்லை. அவர் மனசு ஒரு சாட்சியைத் தேடிக்கொண்டிருந்தது. தேடவும் வேண்டாம், பக்கத்து வீட்டிலேயே இருந்தது.

பக்கத்து வீட்டுச் சுடலைமாடத்தியின் மகள் அனுஷா. தம்பானூரில் ஒரு பேக்கரியில் கவுண்டரில் நிற்கிறாள். பள்ளிக்கூட நாளிலிருந்தே அவளுக்கு வலிப்பு. முந்தின வருஷம் பஸ் ஸ்டாப்பில் விழுந்து கிடந்தவளை ஜனம் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தபோது, வேலை முடிந்து வந்த வன்னியராஜ்தான் தோளில் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினார். அன்று ராத்திரி அவளுக்காக ஜெபித்தார். மறுநாள் சுஜா அவளைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். டாக்டர் மாத்திரை எழுதினார். அதற்குப் பிறகு ஒரு தடவைகூட வலிப்பு வரவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, தன் வீட்டை ஒட்டிய தார்ப்பாய்க் கொட்டகையில், வன்னியராஜ் சுடலைமாடத்தியின் கையில் புதிதாக வாங்கிய ஒரு மைக்கைக் கொடுத்தார். அவள் அதைக் கரண்டி மாதிரிப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"அண்ணாச்சி ஜெபமும் பெரியாஸ்பத்திரி மாத்திரையும்தான் எம் புள்ளையக் காப்பாத்திச்சி."

"ஸ்தோத்திரம்!" என்றது கூட்டம். அதோடு விட்டிருக்கலாம். பின்வரிசையில் ஒருத்தி எழுந்து, "அக்கா, அது எந்த மாத்திரை? எம் மவனுக்கும் இந்தத் தொந்தரவு இருக்கு" என்று கேட்டாள். சுடலைமாடத்தி மாத்திரையின் நிறத்தைச் சொன்னாள். எந்த அறையில் டாக்டர் இருப்பார், எந்த வரிசையில் நிற்க வேண்டும் என்று விளக்கினாள். கூட்டம் அவளைச் சூழ்ந்துகொண்டது. மைக் பக்கத்தில் வன்னியராஜ் தனியாக நின்றார்.

ஒரு மனுசன்மேல் பொறாமைப்படுவதிலாவது ஒரு மரியாதை இருக்கிறது. செல்வினுக்குக் கீபோர்டு இருக்கிறது, குரல் இருக்கிறது, தோற்றால் தோற்றோம் என்று சொல்லிக்கொள்ளலாம். அன்றைக்கு வன்னியராஜுக்குப் பொறாமை வந்தது ஒரு மாத்திரைமேல். அது கண்ணீர் விடாது, மண்டியிடாது, காகிதத்துக்குள் சும்மா கிடக்கும். அதற்குப் போய் இத்தனை பேரா? இது கேவலமான நினைப்பு என்று அவருக்குத் தெரிந்தது. தெரிந்ததனால் குறைந்ததா என்றால், இல்லை.

மறுநாள் சாயங்காலம் அனுஷா வேலை விட்டு வரும்போது தன் வீட்டு வாசலிலேயே வழிமறித்து நின்றார்.

"மக்ளே, ஒண்ணு சொல்லுதேன். உனக்கு ஆண்டவர் சொகம் தந்தாச்சி. இனி அந்த மாத்திரை எதுக்கு? அதைத் தின்னுட்டு இருந்தா அதுக்குத்தான பேரு? ஆண்டவருக்கு என்ன பேரு இருக்கு?"

"ஆண்டவருக்கா, அங்கிளுக்கா?" என்று கேட்டுவிட்டு அனுஷா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

வன்னியராஜின் முகம் தொங்கிப்போனது. அனுஷா அந்த முகத்தைப் பார்த்தாள். தன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடிய மனுசனின் முகம்.

"செரி அங்கிளே," என்றாள். "நிறுத்திடுறேன்."

உள்ளேயிருந்து இதைக் கேட்ட சுஜா, அவர் படியேறுமுன்பே ஆரம்பித்துவிட்டாள்.

"நிங்களுக்கு என்ன பிராந்தா, கிறுக்கா? அந்தப் பெண்ணு எங்கயாவது விழுந்தா ஆரு பதில் சொல்லும்?"

"விசுவாசம் வேணும், சுஜா."

"அப்பிடியா? காலையில சுகர் குளிகை தின்னாம நிங்க இட்லியைத் தொடுவீங்களா?"

"அது வேற."

"எப்பிடி வேற?"

வன்னியராஜ் யோசித்தார். "அது என் சுகர்ல்லா," என்றார்.

சுஜா தலையில் அடித்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

சில வாரம் கழித்து அனுஷா கொட்டகையில் மைக்கைப் பிடித்தாள். "அங்கிள் ஜெபிச்சாங்க. நான் மாத்திரையை நிறுத்திட்டேன். இதுவரைக்கும் ஒரு தொந்தரவும் இல்ல," என்றாள். மூன்றே வாக்கியம், தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். கூச்சம் என்று எல்லாரும் நினைத்தார்கள். கொட்டகை அதிர்ந்தது. செய்தி ஆற்றங்கரை முழுக்கப் பரவியது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வன்னியராஜ் வீட்டு வாசலில் செருப்பு வைக்க இடமில்லை. அவர் பால் கடைக்கு நேர்வழியில் போய்வந்தார்.

அந்தச் சந்தோஷம் ஒரு வாரம்தான் இருந்தது. செல்வின் தன் ஜெபவீட்டு மேடைக்கு முன்னால் ஒரு நீல பக்கெட்டை வைத்தான். "அங்க ஒரு பெண்ணு மாத்திரையை விட்டா. நமக்கு விசுவாசம் குறைவா? எல்லாரும் கொண்டுவந்து இதில இடுங்க," என்றான். பாட்டு பாடி, கண்ணீர் வடித்து, வரிசையாக வந்து போட்டார்கள். பக்கெட் நிறைந்துபோனதாம்.

இதைக் கேட்டதும் வன்னியராஜுக்குப் பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஒரு ராத்திரி முழுக்க, இந்த பக்கெட் யோசனை நமக்குத் தோன்றாமல் போச்சே என்றுதான் புரண்டு படுத்தார்.

அந்த பக்கெட்டில் விழுந்தவற்றில் பொறோட்டா மாஸ்டர் பேச்சிமுத்துவின் பிரஷர் மாத்திரையும் ஒன்று.

பேச்சிமுத்து கல்லின் முன்னால் நின்று மாவை வீசிக்கொண்டிருக்கும்போதே விழுந்தார். வீசிய பொறோட்டா திரும்பிக் கைக்கு வந்தபோது அதைப் பிடிக்க இடதுகை எழவில்லை. வாய் ஒரு பக்கம் கோணிற்று. ஹோட்டல்காரர்கள் உடனே ஆட்டோவில் போட்டுப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

வன்னியராஜுக்கு வேலையிடத்தில் போன் வந்தது. கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் பஸ் ஏறினார். "ஆண்டவரே, பேச்சியைக் காப்பாத்தும்" என்று வழியெல்லாம் ஜெபித்தார். மனசார ஜெபித்தார். அதே மனசின் ஒரு மூலையில், எலி மாதிரி ஒரு சந்தோஷம் ஓடியது: விழுந்தது செல்வினோட ஆள். என் ஆள் இல்லை. அந்த எலியை அவரே பார்த்துவிட்டார். பஸ்ஸில் யாராவது கவனித்திருப்பார்களோ என்று சுற்றிலும் ஒருதரம் பார்த்துக்கொண்டார்.

வார்டில் பேச்சிமுத்துவின் மனைவி பொன்செல்வி கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். செல்வின் ஏற்கெனவே வந்து தலைமாட்டில் நின்று ஜெபித்துக்கொண்டிருந்தான். வன்னியராஜ் கால்மாட்டில் நின்று ஆரம்பித்தார். செல்வின் குரலைக் கொஞ்சம் உயர்த்தினான். வன்னியராஜ் இன்னும் கொஞ்சம் உயர்த்தினார். நடுவில் பேச்சிமுத்து கோணிய வாயோடு இரண்டு பக்கமும் மாறி மாறி விழித்தார்.

நர்ஸ் விரைந்து வந்தாள். "ரெண்டாளும் இப்பிடி ஒச்ச வெச்சுக் கத்தாதீங்க! வேற ரோகிகள் இல்லையா இங்க? பிரார்த்தனை மனசில போதும். போயி இந்த மருந்தை வாங்கிட்டு வாங்க, வேகம்!" என்று ஒரு சீட்டை நீட்டினாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கையை நீட்டினார்கள். அந்தச் சீட்டில்கூட யார் கை முந்துவது என்று போட்டி.

மருந்துக்கடை வரிசை நீளமாக இருந்தது. முன்னும் பின்னுமாக நின்றார்கள்.

"அண்ணாச்சி," என்றான் செல்வின், திரும்பிப் பார்க்காமல். "நான் ஒண்ணு பறயட்டா? உங்க அனுஷா சாட்சி கேட்டுத்தான் நான் பக்கெட் வெச்சேன்."

"ஓஹோ. பழி எம்மேலயா? நான் ஒரே ஒரு புள்ளையத்தான் நிறுத்தச் சொன்னேன். நீ ஊரையே நிறுத்தச் சொன்னியே!"

"தொடங்கி வெச்சது ஆரு?"

"பக்கெட் வெச்சது ஆருல?"

"கொஞ்சம் நிறுத்துறீங்களா ரெண்டு பேரும்?"

அனுஷா நின்றுகொண்டிருந்தாள். பேக்கரியிலிருந்து யூனிபார்மோடே ஓடிவந்திருந்தாள். பொன்செல்விக்காக வாங்கிய பன்னும் சாயாவும் கையில் இருந்தன. கண் சிவந்திருந்தது.

"அங்கிளே, நான் நிறுத்தவே இல்ல," என்றாள்.

"என்னத்தை?"

"மாத்திரையை. ஒரு நாள்கூட நிறுத்தல. அம்மாவுக்குக்கூடத் தெரியாம, அவங்க தொடாத பழைய அரிசி டப்பாக்குள்ள வெச்சித் தின்னேன். அங்கிள் முகத்தைப் பாத்தா பாவமா இருந்திச்சி. என்னைத் தூக்கிட்டு ஓடின ஆள் அல்லே? ஒரு பொய்தானே, சொன்னா எனக்கு மட்டும்தான் பாவம்னு நெனச்சேன்." கையிலிருந்த சாயாவைத் தரையில் வைத்தாள். "பேச்சி மாமா அதைக் கேட்டு மாத்திரையை விடுவாங்கன்னு எனக்கு எங்க தெரியும்?"

வரிசை நகர்ந்தது. வன்னியராஜ் நகரவில்லை. பின்னால் நின்றவர் "சேட்டா, முன்னோட்டு போங்க" என்றார். அது அவர் காதில் விழவில்லை.

முதலில் வந்தது கோபம்தான். என்னை முட்டாளாக்கிவிட்டாளே என்ற கோபம். கடைசியில் மாத்திரைதானே ஜெயித்தது என்ற எரிச்சல். பிறகு அரிசி டப்பா கண்ணுக்கு முன்னால் வந்தது. உயிரைக் காப்பாற்றும் ஒரு பொருளை, ஒரு சின்னப் பெண் திருடிச் சாப்பிடுகிற மாதிரிச் சாப்பிட்டிருக்கிறாள். யாருக்குப் பயந்து? அவளுக்காக அழுது ஜெபித்தவனுக்குப் பயந்து. விழுந்து கிடந்தவளைத் தூக்கிய தோள்மேலேயே அவர் கை போனது. ரொம்ப நேரம் அங்கேயே இருந்தது.

"செல்வின்," என்றார் கடைசியில். "அந்த பக்கெட் எங்கலே இருக்கு?"

"ஜெபவீட்டிலதான் இருக்கு அண்ணாச்சி."

"இன்னும் எத்தனை பேச்சிமுத்து கெடக்கான் அதுல?"

செல்வின் விரல்விட்டு எண்ணப் பார்த்தான், பாதியில் விட்டுவிட்டான். அந்த வெள்ளைச் சட்டைக்குள் இருப்பது பயந்துபோன ஒரு பையன்தான் என்று வன்னியராஜுக்கு அப்போதுதான் தெரிந்தது.

மருந்தை வார்டில் கொடுத்துவிட்டு இரண்டு பேரும் ஒரே ஆட்டோவில் காலனிக்குத் திரும்பினார்கள். வீடு வீடாகப் போய் மாத்திரையைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்பது திட்டம். பக்கெட்டைத் தரையில் கவிழ்த்துப் பார்த்தால் பிரஷர், சுகர், தைராய்டு, ஆஸ்துமா எல்லாம் ஒரே குவியல். எது யாருடையது என்று எப்படித் தெரியும்? சுஜா வந்து எட்டிப் பார்த்தாள்.

"கண்ணை மூடி ஆளுக்கு ஒண்ணு எடுத்துக் கொடுங்க. அதுக்கும் விசுவாசம் வேணுமில்லே?" என்றாள். பிறகு அவள்தான் புடவையைச் செருகிக்கொண்டு போய், காலனியின் சுகாதாரப் பணியாளரான ஆஷா சேச்சியைக் கையோடு கூட்டி வந்தாள். மறுநாள் காலையில் ஹெல்த் சென்டர் வாசலில் பெரிய வரிசை நின்றது. முதல் ஆளாக வயசானவர்களைக் கைபிடித்துக் கொண்டுவந்தவர் வன்னியராஜ். இரண்டாவது செல்வின். யார் அதிகம் பேரைக் கூட்டிவந்தது என்று வன்னியராஜ் ஒருதரம் திரும்பிப் பார்க்கத்தான் செய்தார். உடனே தன் காதைத் தானே திருகிக்கொண்டார்.

பேச்சிமுத்து பிழைத்துக்கொண்டார். சீக்கிரம் கொண்டுவந்ததால் பேச்சு முழுக்க வந்துவிட்டது, கைக்குத்தான் நாளாகும் என்றார் டாக்டர். வன்னியராஜ் போய்ப் பார்த்தபோது, "ஒத்தக் கையால பொறோட்டா வீசினா அது கல்லுல விழாது அண்ணாச்சி, கஸ்டமர் தலையில விழும்," என்று சிரிக்கப் பார்த்தார். பாதி உதடுதான் சிரித்தது. வன்னியராஜ் அந்த இடதுகையைத் தன் மடியில் எடுத்து வைத்து, நர்ஸ் காட்டித் தந்தபடி ஒவ்வொரு விரலாக மடக்கி நீட்டினார். அன்றைக்கு அவர் ஜெபித்தது யாருக்கும் கேட்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை செல்வினின் ஜெபவீட்டிலேயே இரண்டு கூட்டமும் சேர்ந்து உட்கார்ந்தது. "நான் சொல்றேன் அங்கிளே, பொய் சொன்னது நான்தானே," என்று அனுஷா எழுந்தாள்.

"இரு மக்ளே. சொன்னது நீ. சொல்ல வெச்சது நான்," என்று வன்னியராஜ் மைக்கை வாங்கிக்கொண்டார். செல்வின் பக்கத்தில் தலைகுனிந்து நின்றான்.

நடந்ததை நடந்தபடி சொன்னார். அரிசி டப்பாவைச் சொன்னார். பஸ்ஸில் ஓடிய எலியைச் சொன்னார். தான் தினமும் காலையில் சுகர் மாத்திரை சாப்பிட்டுவிட்டுத்தான் இட்லி சாப்பிடுவதைச் சொன்னபோது சிலர் சிரித்தார்கள். சுஜா சிரிக்கவில்லை, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எனக்கு ஒரு மாத்திரைமேல பொறாமை," என்றார். "சொகமானது அனுஷா. அதைப் பாத்துச் சந்தோஷப்படாம, பேரு யாருக்குன்னு பாத்தேன். இந்தத் தம்பியும் அதையே பாத்தான். நாங்க ரெண்டு பேரும் பேருக்கு அடிச்சிக்கிட்டதுல பேச்சியோட கை போச்சி."

பின்வரிசையில், முன்பு மாத்திரையின் நிறத்தைக் கேட்ட அந்தப் பெண், மகனை மடியில் வைத்தபடியே கேட்டாள்:

"அப்போ இனி ஜெபம் வேண்டாமா அண்ணாச்சி?"

"ஏன் வேண்டாம்? வேணும். டாக்டர்ட்ட காட்டு, மாத்திரையை நேரத்துக்குக் கொடு, புள்ளையத் தூக்கிட்டு வா. நானும் மண்டியிடுதேன், இந்தத் தம்பியும் மண்டியிடட்டும். டாக்டரும் ஆண்டவர் தந்த ஆளுதான். ஆனா ஒண்ணு கேட்டுக்கோ. ஜெபம் பண்ணுதேன், மாத்திரையை நிறுத்துன்னு எவனாவது சொன்னா, அது நானாவே இருந்தாலும், நிறுத்தாத. நோய் உனக்கு இல்ல, அவனுக்குத்தான்னு புரிஞ்சிக்கோ. அவன் தலையில நீ கை வெச்சி ஜெபம் பண்ணு."